அஹ்தி பேசப் பழகிய கதை

நான் சொல்லப்போவது முழுக்க முழுக்க நடந்தது. ஓரத்தில் கொஞ்சம் இழுத்திருப்பேன். சரி, நடுவிலும் இழுத்திருப்பேன். ஆனால் அஹ்தி இருக்கிறான், அவன் மெஷின் இருக்கிறது, இந்தப் பெட்ரோல் பங்க் காபிக்கடையில் உட்கார்ந்திருக்கிற உங்களில் பாதிப்பேர் அதைத் தொட்டே பார்த்திருக்கிறீர்கள்.

அவன் வேலை பார்த்த காகித ஆலையை மூடிய நாளோடு அஹ்தி மரத்துப்போனான். மற்றவர்கள் அழுதார்கள், குடித்தார்கள், மந்திரியைத் திட்டினார்கள். அவன் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு வேகவைத்தான். பெண்டாட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, “ரோடு வழுக்கும், பாத்து ஓட்டு” என்றான். அவ்வளவுதான். அவன் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தால், ஆளில்லாத வீடென்று நினைத்துக் குடித்தனமே தொடங்கிவிடும்.

அப்படிப்பட்டவன்தான், ஏனென்று தனக்கே தெரியாமல், பழைய பால்பண்ணைக் கொட்டகையில் மெஷினைக் கட்டினான். நம் ஏரியில் வலை போட்டால் முக்கால்வாசி சார்கி மீன். அதில் முள்ளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாசனைதான். பூனைகூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். இந்த மெஷின் அந்த மீனை ஒரு பக்கம் விழுங்கி, மறுபக்கம் முள்ளில்லாத கொத்துமீனாகத் துப்பும். கட்லெட் போட்டால் தட்டையும் சேர்த்துத் தின்னலாம்.

கொட்டகையோ ஊராட்சியுடையது. இலை உதிர்வதற்குள் அரசாங்கத்தின் புதுத்தொழில் நிதி கிடைத்தால் மெஷின் ஓடும். இல்லையென்றால் கொட்டகை கைமாறும், மெஷின் பழைய இரும்புக்குப் போகும். நிதிக்கு நகரத்தில் ஒரு குழுவுக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறந்ததிலிருந்து அஹ்தி பேசியதையெல்லாம் கூட்டினாலும், தொட்டிலில் அழுததைச் சேர்த்தாலும், ஐந்து நிமிடம் தேறாது.

அவனைப் பழக்க, தொழில் அலுவலகம் சன்னி என்ற பெண்ணை அனுப்பியது. கொட்டகையில் ஆளுக்கொரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.

“மெஷின் என்ன செய்யும்?”

“முள்ளெடுக்கும்.”

“நல்லா எடுக்குமா?”

“பரவால்ல.”

“ஐயோ அஹ்தி! உலகத்துலயே இதுமாதிரி இல்லன்னு சொல்லணும்!”

“உலகம் பூரா நான் பாக்கலையே.”

சன்னி நெற்றியைத் தடவிக்கொண்டாள். “சரி, மொதமொதல்ல இது ஓடினப்ப மனசுல என்ன தோணுச்சு?”

அஹ்தி நிஜமாகவே தேடினான். தடித்த கையுறையோடு சட்டைப்பையில் சாவியைத் துழாவுவதுபோல உள்ளே துழாவினான். ஒன்றும் அகப்படவில்லை.

“சுவிட்ச அணைச்சேன்” என்றான்.

“குழுவுக்கு மெஷின் கதை மட்டும் போதாதுங்க. உங்க கதை வேணும். அப்பா என்ன பண்ணாரு?”

“பஸ் ஓட்டினாரு.”

“மீன் பிடிப்பாரா?”

“மீன் பக்கமே போகமாட்டாரு. தின்னா உடம்பெல்லாம் தடிச்சிரும்.”

சன்னி ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: என் அப்பா மீனவர், வலை நிறைய வந்த சார்கியைப் பறவைகளுக்கு வீசும்போது அவர் கண் கலங்கும்.

“சின்னக் கற்பனைதான். எல்லாரும் பண்றதுதான்.”

அஹ்தி படித்தான். கோபம் வரவில்லை, வெட்கம் வரவில்லை. மடித்து வைத்துக்கொண்டான்.

ஒத்திகை சனிக்கிழமை, ஊர்ச் சவுனா நீராவிக் குளியலறையில். நாலு பேர் சேர்ந்தாற்போல் கிடைக்கிற இடம் வேறேது? உரித்த கோழிகள் மாதிரி நாங்கள் மேல்பலகையில் வரிசையாக வெந்துகொண்டிருந்தோம். அஹ்தி கீழே நின்று, வியர்வை ஒழுக, முழுப் பேச்சையும் ஒப்பித்தான். அப்பாவின் கண்ணீரோடு முடித்தான். தண்ணீர் ஊற்றிய சூட்டுக்கல் சீறியது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்தோ சொன்னான்: “டேய், மீன்கூடையோட ஏறினா பஸ்ஸவிட்டு எறக்கிவிடற மனுசன்டா உங்கப்பன்! எங்கம்மாவையே கொட்டற பனியில எறக்கிவிட்டாரு!”

பலகை ஆடுகிற அளவுக்குச் சிரித்தோம். அஹ்தி சிரிக்கவில்லை.

“அப்ப அத எடுத்துரவா?”

உன்தோ கல்லில் இன்னொரு கரண்டித் தண்ணீரை ஊற்றினான். “உன் மெஷின், உன் அப்பன். எங்கள ஏன் கேக்கற?”

அந்த வரியைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்காமலே அஹ்தி நகரத்துக்குப் போனான். குழுவுக்கு முன்னால் நின்றான். மெஷின் முள்ளெடுக்கும் என்றான். பரவாயில்லாமல் எடுக்கும் என்றான். அதோடு பேச்சு வற்றிவிட்டது. குழுத் தலைவியம்மா கேட்டாள்: “இத ஏன் செய்யறீங்க?”

அஹ்தி வாயைத் திறந்து, உள்ளேயிருந்து ஏதாவது வரட்டுமென்று காத்திருந்தான். எதுவும் வரவில்லை. காலியாகக் கிடந்த அந்த இடத்தில் சன்னியின் வரி தானாக வந்து நின்றது. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற முகத்தோடு, அப்பாவின் கண் கலங்கும் என்று சொன்னான்.

ஒரு கண்ணீர்த் துளி விட்டிருந்தால் நடிப்பென்று கண்டுபிடித்திருப்பார்கள். லேசில் அழாத நம் ஆட்கள்தானே அவர்களும்! ஓர் ஆம்பளை இப்படிக் கல்லாக நின்று சொன்னதும், துக்கம் ஏரியைவிட ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நிதி கிடைத்துவிட்டது!

அஹ்தி வெளியே வந்து ஒரு சாசேஜ் வாங்கிக் காரில் உட்கார்ந்து தின்றான். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தான். தொட்டுக்கொள்ளக் கடுகுச்சாந்து வாங்க மறந்தது மட்டும் தெரிந்தது.

கதையில் நான் இந்த இடத்துக்கு வந்தபோது காபிப் பாத்திரம் டமாரென்று மேசையில் விழுந்தது. ஹில்க்கா. இந்தக் கடைக்காரி, அஹ்தியின் கூடப்பிறந்த அக்கா. பின்கட்டில் இருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

“எங்கப்பா மீனவனா? எங்கப்பா அழுதாரா? அம்மா செத்தன்னிக்கே அழாத மனுசன்யா அவரு!”

“அழுதா என்னக்கா குறஞ்சிபோச்சு?” என்றான், எங்கள் மேசையில் ஏலக்காய் பன்னோடு உட்கார்ந்திருந்த உன்தோ. “மெஷின் ஓடுது. என் பையன் அங்கதான் வேல பாக்கறான்.”

“அரசாங்கக் காசுக்கு அப்பன வித்திருக்கான்!”

“ஆமா, வரி கம்மின்னு டிராக்டர் டீசலத் திருட்டுத்தனமா ஊத்திக் காரோட்டறவ அரசாங்கத்தப் பத்திப் பேசறா!”

“என் வண்டியப் பத்திப் பேசாத! எந்திரி! அந்த ஏலக்காய் பன்ன கீழ வை!”

“கடிச்சிட்டேனே!”

“கடிச்சதையும் வை!”