கடைசி ஆணியில் தொங்கிய மீன்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இதை எழுத உட்காருவதற்கு முன் தங்கையிடம் ஒரு முறையும் என்னிடமே நாலு முறையும் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன். கனவாக இருக்குமோ, களைப்பாக இருக்குமோ என்று எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தாயிற்று. தங்கையின் வலது மணிக்கட்டில் விரல்கள் இறுக்கிய தடம் இன்னும் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலை வகுப்பில் கணக்குப் படிப்பு. இதுதான் நான். தேர்வு முடிந்த வாரம், ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நானும் தங்கையும் ஏரிக்கரைக்குக் கிளம்பினோம். இரண்டு இரவுத் தங்கல். அவளுக்குப் பதினேழு வயது. நீச்சல் தெரியாது; வாய் மட்டும் கடலையே தாண்டும். வாசலில் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று.

"ரெண்டு பேரா போறீங்க. ரெண்டு பேரா வரணும்."

விடுதி, மணல்கரையை ஒட்டிய நீளமான மரக்கட்டடம். ஒரே கூடத்தில் நாலு அடுக்குக் கட்டில்கள், எட்டுப் படுக்கைகள். கூட்டம் வரும் மாதங்கள் முடிந்துவிட்டதால் எங்களைத் தவிர யாருமில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாள்தான் விடுதிக்காரர். பதிவு முடிந்ததும் ஆளுக்கொரு மர மீனைக் கையில் கொடுத்தார். உள்ளங்கை அளவு, நீலச் சாயம், வயிற்றில் படுக்கை எண்.

"படித்துறையில ஒரு பலகை இருக்கு. தண்ணில இறங்குறப்ப உங்க மீனை ஆணில மாட்டுங்க. கரையேறினதும் கழட்டிடுங்க. இருட்டுறதுக்குள்ள நான் வந்து பாப்பேன். எதாவது தொங்குச்சுன்னா ஆள் இன்னும் உள்ளதான்னு மணி அடிப்பேன்."

"மறந்துட்டா?" என்றாள் தங்கை.

அவர் சிரிக்கவில்லை. "மறக்கக் கூடாது. அடுத்தவங்க மீனையும் தொடக் கூடாது."

அன்று மாலை முழங்கால் தண்ணீரில் ஆட்டம் போட்டோம். நாங்கள் கரையேறி மீன்களைக் கழற்றியதைப் பார்த்துவிட்டு, விடுதிக்காரம்மா சாமான் வாங்க, எங்களைக் கொண்டுவந்து விட்ட படகுக்காரரோடு அக்கரைக்குப் போனார். அதன் பிறகுதான் கவனித்தேன். பலகையின் கடைசி ஆணியில் இன்னொரு மீன். சாயம் இல்லை. எண் இல்லை.

தங்கியிருப்பதே நாங்கள் இருவர்தான். எப்போதோ வந்துபோன யாரோ மறந்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் கணக்கைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

"கணக்கு டீச்சர் ஆரம்பிச்சாச்சு," என்றாள் தங்கை. "தொடாதேன்னாங்கல்ல?"

"சும்மா இருடி வாலு. காலைல அவங்ககிட்டயே குடுத்துடலாம்."

கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மீன் ஈரமாக இருந்தது.

எங்கள் மீன்கள் வெயிலில் காய்ந்து கொதித்திருந்தன. அலை தெறித்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று ஏரியில் அலையே இல்லை.

இரவு 11.20. ஏதோ சத்தத்தில் விழிப்பு வந்தது. நான் கீழ்ப்படுக்கையில், தங்கை எனக்கு மேலே. விடுதிக்காரம்மா எப்போதோ திரும்பி வந்து, தன் அறையில் படுத்துவிட்டார் போல. விளக்குகள் அணைந்திருந்தன.

சொட்டு... சொட்டு...

குழாய் என்று நினைத்தேன். பிறகு, பலகைத் தரையில் ஈரக் கால் பதியும் ஒலி.

சளப்... சளப்...

கூடத்தின் கோடியில் ஒரு போர்வை சரசரவென்று உயர்ந்தது. விழுந்தது. பிறகு அடுத்த படுக்கை. உயர்ந்தது. விழுந்தது.

திருடன் என்றால் பையைத் தேடுவான். இது ஆளைத் தேடியது.

சளப்...

பாசி வாடை. என் கால்மாட்டில் போர்வை உயர்ந்தது. குளிர் பாதத்தில் ஏறியது. யாரோ குனிந்து என்னைப் பார்க்கிறார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

போர்வை விழுந்தது.

நான் இல்லை போலிருக்கிறது.

கட்டிலின் ஏணி கிறீச்சிட்டது. ஒரு படி... இன்னொரு படி...

கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை.

அதன்பின் தூங்கினேனா, மயங்கினேனா, இன்றுவரை தெரியாது. நெற்றியில் ஒரு துளி விழுந்தபோது கண் திறந்தேன். மணி 4.50. துளி மேலேயிருந்து வந்தது.

மேல்படுக்கை காலி. மெத்தை நனைந்து ஊறியிருந்தது.

ஓடினேன்.

படித்துறை முழுக்கப் பனி மூட்டம். பலகையில் ஒரு மீன் ஆடிக்கொண்டிருந்தது. நீல மீன். தங்கையுடையது. கடைசி ஆணியில்.

அவள் மார்பளவுத் தண்ணீரில் நின்றாள். முதுகு எனக்கு. வலது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தது... யாரோ பிடித்துக் கூட்டிப்போவது போல.

"வாலு!"

திரும்பவில்லை. இன்னொரு அடி. தண்ணீர் தோளுக்கு வந்தது.

குதி என்றது புத்தி. ஆனால் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீல மீனைப் பிடுங்கினேன். பழைய மீனை அந்த ஆணியில் மாட்டினேன்.

நீண்டிருந்த கை தொப்பென்று தண்ணீரில் விழுந்தது.

"அக்கா..."

பாய்ந்தேன். தலைமுடி கையில் கிடைத்தது. இழுத்தேன்.

விடியும் நேரம் சமையலறையில் இருவரும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடுதிக்காரம்மா துண்டுகளைப் போர்த்திவிட்டு, தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தார். மீனைக் கழற்றியதைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். கரண்டியால் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நீச்சல் தெரியாம ஏன்டி இறங்கின?" என்று தங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீதானே கூப்பிட்ட!"

"நானா?"

"உன் குரல்தான். ஆனா வாலுன்னு கூப்பிடல. 'சிட்டு, எங்கடி போன, வாடி'ன்னு... யாருக்கா சிட்டு?"

கரண்டி தரையில் விழுந்து உருண்டது.

"நான்தான்," என்றார் விடுதிக்காரம்மா.

நின்றபடியே சொன்னார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது விடுதி அவருடைய அப்பாவுடையது. ஒரு நாள் ஏரியில் குளித்துவிட்டுப் பசியில் நேரே சமையலறைக்கு ஓடிவந்தவர், தன் மீனைக் கழற்ற மறந்துவிட்டார். தொங்கும் மீனைப் பார்த்த அவருடைய அக்கா, தங்கை தண்ணீருக்குள் இருக்கிறாள் என்று பதறி, பக்கத்து ஆணியில் தன் மீனை மாட்டிவிட்டு இறங்கினாள்.

"நான் இதே எடத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

அக்கா ஏறவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஏறாதவளின் மீனை எப்படிக் கழற்றுவது?

"கழட்டினா வருவா. கரையேறி வந்து தேடுவா. ஆள் இல்லாத நாள்ல நானே எத்தனையோ தடவ கழட்டி வச்சிருக்கேன். என் போர்வையையும் தூக்கிப் பாப்பா. பாத்துட்டுப் போட்டுட்டுப் போயிடுவா." தலைமுடியில் கை வைத்தார். பாதிக்கு மேல் நரை. "அவ தேடுறது பதினாறு வயசுப் பொண்ணம்மா."

"எங்ககிட்ட விவரமா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா யாரு தங்குவாங்க?"

பிறகு தங்கையின் பக்கம் குனிந்தார். அந்தக் குரல் இன்னும் எனக்கு மறக்கவில்லை. "கூப்பிட்டாளா? நெசமாவே பேர் சொல்லிக் கூப்பிட்டாளா? எந்தப் பக்கம் நின்னு?"

தங்கை கையைக் காட்டினாள். ஏரியின் நடுப்பக்கம்.

இரண்டாவது இரவுக்கு நாங்கள் நிற்கவில்லை. காலைப் படகிலேயே கிளம்பினோம். இரண்டு பேராகப் போனோம், இரண்டு பேராக வந்தோம். அம்மாவுக்கு அது போதும்.

எனக்குப் போதவில்லை. பத்து நாள் கழித்து விடுதிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் படகுக்காரர்.

"விடுதி மூடியாச்சும்மா. சாவி இப்ப என்கிட்டதான் இருக்கு. நீங்க கெளம்புன அன்னைக்குச் சாயங்காலம் சாமான் கொண்டு போனேன். அடுப்புல சோறு சூடா இருக்கு. மேசையில ரெண்டு தட்டு. ஆள் இல்ல."

"பலகை... பலகையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கடைசி ஆணில ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, அதே மாதிரி பழசு. அதை அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

"இங்க மழை பேஞ்சு மாசக்கணக்காச்சும்மா. ஆனா ரெண்டும் இன்னைக்கும் சொட்டிக்கிட்டே இருக்கு."