பிளசர் காரும் மைக் செட்டும் சீனிச்சாமியும்

எதிர்வீட்டுப் பையன் தன் காருக்குப் புதிதாக ஸ்டீரியோ வைத்திருக்கிறான். பின் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பெட்டி, முன் கதவுகளில் கதவுக்கொன்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரைக் கழுவுகிறேன் என்று நாலு கதவையும் திறந்துபோட்டு அவன் வைத்த சத்தத்தில் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். இந்த வயதிலும் எனக்குக் கோபத்துக்குக் குறைச்சல் இல்லை. என் வீட்டில் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள்.

போய் நின்றால், பையன் காருக்குள் குனிந்து ஏதோ ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். ஈயம் உருகுகிற புகை குப்பென்று மூக்கில் ஏறியது. "என்ன தாத்தா?" என்றான். "ஒண்ணுமில்ல. ஒயரு சன்னமா இருக்கு, சூடேறும். தடியாப் போடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். திட்டப் போனவன் யோசனை சொல்லிவிட்டு வந்த கேவலத்தை எங்கே போய்ச் சொல்ல? அந்தப் புகைதான் காரணம். அது மூக்கில் ஏறினால் எனக்குச் சீனிச்சாமி ஞாபகம் வரும். சீனிச்சாமி ஞாபகம் வந்துவிட்டால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து ஓரிரு வருஷம் இருக்கும். கம்பத்து ராவுத்தர் ஒருவர் டூரிங் டாக்கீஸ் நடத்திவந்தார். சின்னமனூரில் கொஞ்ச மாதம், உத்தமபாளையத்தில் கொஞ்ச மாதம் என்று கொட்டகை இடம் மாறிக்கொண்டே இருக்கும். பட விளம்பரத்துக்கு ஒரு பிளசர் கார் வைத்திருந்தார். மடக்குக் கூரை போட்ட பழைய வண்டி. ஏலக்காய்த் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்டது. அதில் ஒரு ஆள் நின்றுகொண்டு தகரக் குழாயை வாயில் வைத்துக் கத்துவார். இரண்டே மாதத்தில் அந்த ஆளுக்குத் தொண்டை கட்டி, கஞ்சி கேட்கக்கூடக் கையைக் காட்டும்படி ஆயிற்று. ராவுத்தர் மதுரையில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் ஒரு ஆம்ப்ளிஃபையரும் ஒரு குழாய் ஸ்பீக்கரும் எடுத்தார். அதோடு என்னையும் எடுத்தார். ரேடியோக் கடையில் இரண்டு வருஷம் தூசி தட்டியதை வைத்துக்கொண்டு என்னை நான் எஞ்சினியர் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

வண்டிக்கு டிரைவர் சீனிச்சாமி. பொட்டிப்புரத்துக்காரன். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் கூப்பிட்டது வேறு. அவனுக்கு ஒரு தொண்டை உண்டு பாருங்கள், முல்லையாற்றுக்கு இந்தக் கரையில் நின்று அவன் கத்தினால் அந்தக் கரையில் மாடு மேய்க்கிறவன் தன்னைத்தான் வைகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். முதல் நாளே என் சாமான்களைப் பார்த்துவிட்டு, "ஏலே மைக்கு, இந்தக் கருமத்தையெல்லாம் என் வண்டியில ஏத்துனா எஞ்சின் எப்பிடிடா இழுக்கும்?" என்றான். அவன் வண்டியாம். ராவுத்தருக்கே இல்லாத உரிமை.

பகை வந்தது பாட்டரியால். ஒரே பாட்டரிதான், வண்டி கிளம்பவும் அதுதான், என் பெட்டி பாடவும் அதுதான். நாள் முழுக்கப் பாட்டுப் போட்டால் மறுநாள் காலையில் வண்டி முக்கும், முனகும், கிளம்பாது. சீனிச்சாமி வண்டி மூக்கில் ஹாண்டிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி வேர்த்து விறுவிறுத்துப்போவான். ஒருமுறை ஹாண்டில் எதிர்த்து அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. "நேத்துப் பூரா நீ உறிஞ்சுன, இன்னைக்கு நான் சுத்தணுமாக்கும்? வாடா, வந்து நீ சுத்துடா!" என்று கடைவீதியில் நின்று அவன் போட்ட சத்தத்துக்குக் கூட்டமே கூடிவிட்டது. அதற்கு மைக் செட்டே தேவைப்படவில்லை.

நான் மட்டும் என்ன பாடுபடாமலா இருந்தேன்? கிராமபோனைச் சீட்டில் வைத்தால் மாட்டுவண்டித் தடத்தில் கார் ஒரு குதி குதிக்கும், முள் நாலு வரி தாண்டி விழும். காதலியை அழைத்துக்கொண்டிருந்தவன் சட்டென்று முருகனை அழைப்பான். கடைசியில் சைக்கிள் டியூபை நாலாக வெட்டிக் கூரைக் கம்பியில் கட்டி, அதில் ஒரு மரப்பெட்டியைத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, கிராமபோனை அதற்குள் வைத்தேன். குதிப்பு நின்றது. அடுத்தது காற்று. ஆனி ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கிற கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்பத்தைப் பார்த்துப் போனால் முன்னால் கட்டிய குழாயின் சத்தத்தை அப்படியே வாரிப் பின்னால் வீசிவிடும். நாங்கள் ஊருக்குள் நுழைவது ஊருக்குத் தெரியாது. நாங்கள் தாண்டி வந்த கரட்டு மேட்டுக்குத்தான் தெரியும். குழாயைத் திருப்புகிற மாதிரி கொல்லரிடம் ஒரு சுழல் கம்பி அடித்து வாங்கினேன். காற்றுப் பக்கம் போய் நின்று, குழாயைக் காற்றோடு திருப்பிவிட்டால் இரண்டு மைலுக்குக் கேட்கும்.

மிச்சம் இருந்தது எஞ்சின் சத்தம். எஞ்சின் ஓடினால் குழாய்க்குள் கடுகு பொரிகிற மாதிரி ஒரு படபடப்பு. அதை அடக்க எஞ்சின் பிளக்குக்கு ஒன்றாக ரெசிஸ்டர் போட்டேன், அடங்கிவிட்டது. சீனிச்சாமி மேட்டில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி இழுவையே போச்சு" என்று அத்தனையையும் பிடுங்கி ஆற்றில் எறிந்தான். மதுரை வரை போய் வாங்கிவந்த சாமான் ஐயா அது! அதோடு விட்டானா? ஸ்டியரிங் பக்கத்தில் நான் வைத்திருந்த சுவிட்சை, நான் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அணைப்பான். "தாய்மார்களே, பெரியோர்களே, இன்று மாலை" என்பதோடு என் குரல் பட்டென்று செத்துப்போகும். சனம் சிரிக்கும். "அடடா, கை பட்டுருச்சுடா மைக்கு" என்பான்.

நானும் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. அந்த சுவிட்சையே கழற்றினேன். நடுவில் சுவிட்சு இருந்தால் கரண்டு குறைகிறது என்று ராவுத்தரிடம் ஒரு விளக்கம் சொன்னேன், பாதி நிஜம்தான். பாட்டரியிலிருந்து நேராகத் தடிக் கம்பி இழுத்து ஆம்ப்ளிஃபையரில் பற்றவைத்தேன். அதையும் கிராமபோனையும் ஒரே பெட்டிக்குள் வைத்துப் பூட்டுப் போட்டேன். சாவி என் அரைஞாண் கயிற்றில். பாட்டரி மேலே இருந்த சீட்டுப் பலகையையும் திருகாணி போட்டு முறுக்கினேன், குழாய்க்குப் போகிற ஒயரையும் கை எட்டாமல் தகரம் வைத்து மூடினேன். சும்மா சொல்லக்கூடாது, சத்தம் கணீரென்று வந்தது. ராவுத்தர் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். சமயம் பார்த்து ஆற்றில் போன ரெசிஸ்டர் கதையையும் அவர் காதில் போட்டேன். அவர் சீனிச்சாமியைக் கூப்பிட்டு, "இனிமே எங்கன போகணும், எங்கன நிக்கணும்னு மைக்குதான் சொல்லும். இன்னொரு புகார் வந்துச்சு, வண்டிச் சாவியக் குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போயிரலாம்" என்றார். அன்று எனக்கு இருந்த குளிர்ச்சியைச் சொல்லி முடியாது.

அதற்கு அடுத்த வாரம். சின்னமனூரில் கொட்டகை. காலையில் வண்டி எடுக்கிற நேரம், சந்தைக்கு வந்த பொட்டிப்புரத்து ஆள் ஒருவர் சீனிச்சாமியைத் தேடிக்கொண்டு வந்தார். "ஆத்தாவுக்கு ரொம்ப முடியலப்பா. நேத்திருந்து உன் பேரத்தான் சொல்லிக்கிட்டுக் கெடக்காக. வெரசாப் போ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீனிச்சாமி என்னிடம் வந்தான். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. "தம்பி, இன்னைக்குப் பொட்டிப்புரமும் லிஸ்ட்ல இருக்குல்ல? நேரா அங்கன போயிருவோம். ஆத்தாவப் பாத்துட்டு, திரும்பி வரையில மத்த ஊரப் பாத்துக்கிருவோம்" என்றான். தம்பி! மைக்கு இல்லை, ஏலே இல்லை, தம்பி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மொதலாளி சொன்ன வரிசைப்படிதான்ணே போகணும். பொட்டிப்புரம் கடைசி. பெறகு என்னையக் கேப்பாக" என்றேன். ராவுத்தர் அப்படி ஒரு வரிசையும் சொல்லவில்லை. ஆற்றில் போன ரெசிஸ்டர் என் தொண்டையில் நின்று பேசியது. அவன் என் முகத்தைப் பார்த்தான். வேலை போய்விடும் என்ற பயம் அவன் கண்ணில் தெரிந்தது, அது எனக்கு இனித்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இனித்தது.

வழியில் மூன்று ஊர். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பாட்டு, ஒரு அறிவிப்பு, சுவரொட்டி ஒட்டுகிற வேலை. எங்கள் முறை இதுதான்: ஊர் முகப்பில் நான் பாட்டுப் பிளேட்டைப் போட்டுப் பெட்டியைப் பூட்டிவிட்டுப் பசை வாளியோடு இறங்கிக்கொள்வேன். வண்டி பாடிக்கொண்டே தெருவைச் சுற்றிவரும். பாட்டு முடிகிற நேரம் நான் அடுத்த முக்கில் ஏறிக்கொள்வேன். அன்றைக்கு நான் பசை தடவிய நிதானத்தை யாராவது பார்த்திருந்தால் கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். சங்கராபுரத்தில் டீயும் குடித்தேன். சீனிச்சாமி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பொட்டிப்புரத்தில் நுழையும்போது மதியம் திரும்பிவிட்டது. முறைப்படி பிளேட்டைப் போட்டேன். சிரிப்புப் பாட்டு, நடுநடுவே ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிப்பான். சனத்துக்கு ரொம்பப் பிடிக்கும். பூட்டினேன், இறங்கினேன். வண்டி பறந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் இழவு விழுந்திருந்தால் கோயில் கொட்டுக்கூட அந்தத் தெருவை மிதிக்காது. மைக் கார்க்காரர்கள் இரண்டு தெருவுக்கு முன்னாலேயே அணைத்துவிடுவோம். அன்று அணைப்பதற்கு சுவிட்சு இல்லை.

சிரிப்புச் சத்தம் நின்றுவிடாமல், ஆனால் கழுத்தை நெரித்த மாதிரி அமுங்கிக் கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். தெருவில் திரும்பினால், சீனிச்சாமி வீட்டு முன்னால் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திறந்த கதவுக்கு உள்ளே கட்டிலில் ஆத்தா கிடக்கிறாள். சீனிச்சாமி கார்மேல் ஏறி, தன் துண்டைக் குழாயின் வாய்க்குள் திணித்து, அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் முதுகு ஆத்தாவின் பக்கம். பாட்டு முடிகிறவரை அவனால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையை எடுத்தால் சிரிக்கும்.

"ஆத்தாளப் பாக்க வந்தியா, சினிமாக் காட்ட வந்தியாடா பாவி?" என்று ஒரு பெண் மண்ணை வாரி வண்டிமேல் இறைத்தாள். நான் சாவியை அவிழ்த்துப் பூட்டில் வைக்கும்போது பாட்டு தானாகவே முடிந்து, முள் கரகரவென்று தேய்ந்துகொண்டிருந்தது. "அர மணி நேரம் ஆகலப்பா. நெனவு இருந்துச்சு, வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாக" என்று யாரோ சொன்னார்கள். சீனிச்சாமி இறங்கினான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத் தாண்டி உள்ளே போனான்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினான். நான் சுவிட்சைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தேன். அவன் அதைத் தொடவில்லை. காலையில் பேசாமல் ஹாண்டில் சுற்றுவான், பேசாமல் ஓட்டுவான். நாலு மாதம் அந்த வண்டியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஒரு நாள் தாங்காமல், "அண்ணே, ரெண்டு வார்த்த வஞ்சிருங்கண்ணே" என்றேன். மேடு வந்தது, கியரை மாற்றினான். அந்த வாரமே நான் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். தேனியில் ரேடியோ ரிப்பேர்க் கடை போட்டேன். அவன் பஸ் ஓட்டப் போனான். பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ முறை எதிரே வந்திருக்கிறான். நான் நிற்கிற இடம் வெறும் இடம் என்பது மாதிரி பார்த்துக்கொண்டு போவான். எனக்கும் கோபம் வரும். என்னடா பெரிய இவன், நான் என்ன வேண்டுமென்றா உங்காத்தாவைக் கொன்றேன் என்று மனசுக்குள் சண்டை போடுவேன். அந்தச் சண்டை தினமும் நடந்தது, என் பக்கம் மட்டும்.

டூரிங் டாக்கீஸ் போயிற்று. பிளசர் காரை இரும்பு விலைக்குப் போட்டார்கள். ராவுத்தரும் போய்ச் சேர்ந்தார். இழவுத் தெருவில் அணைக்கிற வழக்கமும் போயிற்று, இப்போது இழவு வீட்டிலேயே குழாய் கட்டுகிறார்கள். போன மாதம் சீனிச்சாமியும் போய்விட்டான். கேள்விப்பட்டு மாலையோடு போனேன். அவன் மகன், நாற்பது வயதிருக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யா யாருன்னு தெரியலயே" என்றான்.

"சின்ன வயசுல உங்கப்பாகூட வேல பாத்தேன். என்னையப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லயா?"

"இல்லய்யா. அப்பா அதிகம் பேசவே மாட்டாக. ஒருத்தர வஞ்சதில்ல. சத்தம் போட்டுப் பேசி நாங்க பிள்ளைக கேட்டதே இல்ல. அவுக தொண்டையே அம்புட்டுத்தான்னு எங்கம்மா சொல்லும்."