கஜா பெராங்கில் நான் கழற்றிய ஹெட்டுகள்

கார் ரிப்பேரில் கழற்றுவது எல்லோருக்கும் வரும். திரும்ப மாட்டி முடித்தபின் தரையில் ஒன்றும் மிச்சம் கிடக்கவில்லை என்றால் அவன்தான் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெக்கானிக்காக இருந்து பார்த்தவர்களுக்கும், அப்படி ஒருவனை நம்பிக் காரைக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை நடந்து வேலைக்குப் போனவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

அப்போது மலாக்காவில் கஜா பெராங்கில் குடியிருந்தேன். வயது இருபத்திரண்டு. ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிடித்துக்கொண்டது ஹெட் கேஸ்கட். இன்ஜினின் உடம்புக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற செம்புத் தகடு அது. பார்க்க அப்பளம் மாதிரி இருக்கும். அது எரிந்துபோனால் தண்ணீர் எண்ணெயோடு சேரும், புகை தண்ணீரோடு சேரும், கார்க்காரர் மட்டும் நம்மோடு சேரமாட்டார்.

பால் கலந்த எண்ணெய்

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். தோட்டத்து வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் போன ஒருவருடைய சின்னக் காரை நானும் என் நண்பன் அந்தோணியும் சேர்ந்து வாங்கினோம். அந்தோணி பஸ் கண்டக்டர். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதால் இன்ஜின் விஷயம் தனக்கு அத்துப்படி என்பது அவன் எண்ணம். காரின் கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன். அதை இன்னும் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இரண்டாவது வாரமே பின்பக்கம் வெள்ளைப் புகை. காலையில் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் காணோம். தெருமுனைக் கோப்பிக்கடை வாசலில் நிறுத்தி, எண்ணெய் அளக்கிற கம்பியை உருவினேன். கறுப்பாக வரவேண்டிய எண்ணெய் பால் ஊற்றிய கோப்பி மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. கடைக்காரச் சீனர் கையில் குவளையோடு வெளியே வந்தார். கம்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், தன் குவளையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, பால் சரியாக இருக்கிறது, சீனிதான் குறைச்சல் என்று மலாயில் தீர்ப்புச் சொன்னார்: “சூசூ சூக்குப், கூலா கூராங்!”

பதினோராவது நட்டு

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு முன்னால் பலாமரத்தடியில் வேலை தொடங்கியது. தண்ணீரை வடித்தோம். குழாய்களைக் கழற்றினோம். ஹெட்டைப் பிடித்திருந்த நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிஸ்கட் டின்னில் போட்டோம். ஹெட்டைத் தூக்கினால் அசையவில்லை. மரக்கட்டையை வைத்துத் தட்டினோம், அசையவில்லை. கயிற்றைக் கட்டிப் பலாமரக் கிளையில் போட்டு இருவரும் தொங்கினோம். காரின் மூக்கே மேலே எழும்பியது, ஹெட் மட்டும் வரவில்லை.

எதிர் வீட்டில் ஒரு சிட்டிக்காரர் இருந்தார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங். மலாக்காச் சிட்டிகள் நாம் கும்பிடுகிற சாமியைத்தான் கும்பிடுவார்கள். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். காலையிலிருந்து படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் மத்தியானம் எழுந்து வந்தார். டின்னில் கிடந்த நட்டுகளை விரலால் எண்ணினார்: பத்து. குனிந்து, குழாய் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பதினோராவது நட்டைத் தொட்டுக் காட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீங்கள் காரைத்தான் தூக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றார், முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல்: “சாயா இங்காட் மாவு அங்காட் கெரெத்தா.”

உசத்திச் சாமான்

புதுக் கேஸ்கட் வந்தது. நான் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தோணியே அதை எடுத்து இன்ஜின்மேல் பரத்திவிட்டான். ஹெட்டை இறக்கினோம், நட்டுகளை முடுக்கினோம், பதினொன்றையும் எண்ணினோம். கார் கிளம்பியது. அந்தச் சந்தோஷத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு, கடைத்தெருவான ஜாலான் பெண்டஹாராவுக்கே விட்டோம். துணிக்கடைகள் ஆரம்பிக்கிற இடத்தில் பானெட்டின் நாலு பக்கமும் ஆவி கிளம்பியது. கடை வாசலில் நின்ற செட்டியார் ஒருவர் அருகில் வந்து, “என்னப்பா, இட்டலிக்கு ஊத்தி வச்சிருக்கியளா?” என்று விசாரித்தார். தெருவே சிரித்தது.

காரைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து, மறுபடி பிரித்தோம். கேஸ்கட் தலைகீழாகக் கிடந்தது. தண்ணீர் போகிற துவாரங்களில் பாதி அடைபட்டிருந்தன. மேலே பார்க்க வேண்டிய பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘டாப்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். “இது உன் கண்ணில் படவே இல்லையா?” என்று அந்தோணியைக் கேட்டேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. “பட்டுச்சே! டாப்புன்னு போட்டிருந்துச்சு, உசத்திச் சாமான்னுல்ல நெனச்சேன்!”

வக்கீல் ஐயாவின் சந்தேகம்

அடுத்த கேஸ்கட்டை நானே வைத்தேன், கார் ஓடியது. ஓடுகிற காரைப் பார்த்ததும் தெருவில் இரண்டொருவர் தங்கள் காரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஞாயிறு முழுவதும் கிரீஸில் கிடந்த கைகள் திங்கட்கிழமை டைப்ரைட்டருக்கு வரும். மண்ணெண்ணெய் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், மணல் கூடத் தேய்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு போவதாக இல்லை.

ஒரு திங்கட்கிழமை நிலப் பத்திரம் ஒன்றைப் பிழையில்லாமல் அடித்து வக்கீல் ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எல்லோரையும் ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார், அதட்டவே மாட்டார். பத்திரத்தை முழுக்கப் படித்தார். தலையசைத்தார். பிறகு கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ரேகை ரேகையாக, அச்சு மாதிரி விழுந்திருந்த என் கட்டைவிரலைக் காட்டி, மிகவும் அக்கறையாகக் கேட்டார்: “கையெழுத்துப் போடத் தெரியாத ஆக்கள்தான் ஐசே பெருவிரல் வைக்கிறவை. உமக்கு என்ன குறை?”

நாலாவது துணி

ரோசம்மா மிஸ்ஸியைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. பிரசவம் பார்க்கிற மிஸ்ஸி, அதாவது நர்ஸ். ஐம்பது வயது. வெள்ளை உடுப்போடு தானே காரை ஓட்டிக்கொண்டு சந்துபொந்தெல்லாம் போவார். அவர் காரில் கேஸ்கட் போய்விட்டது. வழக்கமாகப் பார்க்கிற பட்டறையில் ஒரு மாதம் ஆகும் என்றிருக்கிறார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது அந்தோணி அவரிடம், “நம்ம கிராணி ஒரே ஞாயித்துக்கிழமையில முடிச்சிருவான் மிஸ்ஸி” என்று சொல்லிவிட்டான். என்னை யாரும் கேட்கவில்லை. கார் வந்துவிட்டது.

ஹெட்டைக் கழற்றினேன். கரி சுரண்டும்போது துகள் உள்ளே விழாமலிருக்க, நாலு சிலிண்டரிலும் நாலு துணியைத் திணித்து வைத்தேன். சுரண்டி, துடைத்து, டாப் மேலே பார்க்கக் கேஸ்கட்டை வைத்து, எல்லாவற்றையும் முடுக்கி முடிக்கும்போது மணி நாலு. சாமான்களை எடுத்து வைத்தபோது துணி மூன்றுதான் இருந்தது. வயிற்றுக்குள் கத்தரியை வைத்துத் தைத்துவிட்ட டாக்டர் கதையெல்லாம் ஞாபகம் வந்தது. வேறு வழியில்லாமல், முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் திரும்பக் கழற்றி ஹெட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே துணி இல்லை. நிமிர்ந்தால், அந்தோணி சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். நான் பார்த்த பார்வையில் அவன் கை அப்படியே நின்றது. “இதையா தேடுற? வேர்த்துச்சுன்னு எடுத்தேன்பா.”

சைக்கிளில் போன மிஸ்ஸி

ஒருமுறை நசுங்கிய கேஸ்கட்டைத் திரும்பப் போடக்கூடாது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதிரிக் கேஸ்கட் மலாக்காவில் இல்லை, சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. மிஸ்ஸியின் கார் ஹெட் இல்லாமல் பலாமரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் மிஸ்ஸி பார்க்க வந்தார். நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உஜோங் பாசிரிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். வீட்டுக்காரிக்கு வலி கண்டுவிட்டது. மிஸ்ஸி வீட்டுக்குப் போய், அங்கே விசாரித்து இங்கே வந்திருக்கிறான். மிஸ்ஸி சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையை ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டு, சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தார். கொளுத்துகிற வெயிலில் அந்த வெள்ளை உடுப்பு ஆடி ஆடித் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். வழியில் தாமதமானால் என்ன ஆகும் என்று நினைக்கக்கூடப் பயமாக இருந்தது. அதுவரை எனக்கு இது விளையாட்டு. அன்றைக்குத்தான் உறைத்தது.

ஐந்து மணிக்கு அதே சைக்கிள் திரும்பி வந்தது. ஆண் பிள்ளை, தாயும் பிள்ளையும் நலம். நான் ஓடிப்போய், “மன்னிச்சிருங்க மிஸ்ஸி” என்றேன். மிஸ்ஸி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “என் கையிலயும் தலைதான்பா முதல்ல வெளிய வருது. ஆனா நான் அதைத் திரும்ப உள்ள வைக்க வேண்டியதில்ல. உன் பாடுதான் கஷ்டம்.”

முதல் தடவை

திங்கட்கிழமை கேஸ்கட் வந்தது. ஒருநாள் லீவு போட்டேன். அந்தோணியை அவன் பஸ்ஸோடு இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உட்கார்ந்தேன். ஹெட்டின் அடிப்பக்கம் கோணியிருக்கிறதா என்று இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு, ஒரேயடியாக முடுக்காமல் மூன்று சுற்றாக முடுக்கினேன். கார் கிளம்பியது, புகையில்லை. ஆனாலும் மிஸ்ஸிக்கு நம்பிக்கை வரவில்லை. “இந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டதும் நீயும் கூட வா. தண்ணி டின்னையும் எடுத்துக்க” என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்ததும், ஆயர் குரோ பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்திலிருந்து அழைப்பு. செம்மண் பாதை, ஏற்றம், வெயில். பானெட்டைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்து வாசலில் இறங்கியதும் மிஸ்ஸி உள்ளே போய்விட்டார். வாசலில் புருஷன், பால்வெட்டும் இளைஞன், குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவன் கதவில் காது வைத்துக் கேட்பான். நான் பானெட்டில் காது வைத்துக் கேட்பேன். இன்ஜின் சூடு ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது. கொஞ்ச நேரம் கழித்து அவன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: “ஒங்களுக்கும் இதான் மொதத் தடவையாண்ணே?”

“முதல் தடவை மாதிரிதான்பா. மூணு வாரமா தூக்கமில்ல” என்றேன்.

உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. நான் துணியைச் சுற்றி மூடியைத் திறந்தேன். தண்ணீர் ஊற்றிய அளவிலேயே நின்றது. கம்பியை உருவினேன், எண்ணெய் சுத்தமாக இருந்தது. அப்படியே பம்பர்மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வேறு. மிஸ்ஸி வாசலுக்கு வந்து, பெண் பிள்ளை, இரண்டு பேரும் நலம் என்றார். உள்ளே பாய்ந்து ஓடப்போன இளைஞன், என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான். திரும்பி வந்து, கிரீஸ் படிந்த என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “அழாதீங்கண்ணே, ஒங்க வீட்லயும் நல்லபடியா ஆயிரும்!”

இத்தனை பேரிடம் இத்தனை பேச்சு வாங்கிய பிறகும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை யாருடைய காராவது வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு வருகிறதா என்று நான் தெருவில் போய் நின்றேன் என்றால், இதற்குத் தொழில் என்று பெயரில்லை, வியாதி என்றுதான் பெயர்.