கிட்டாருக்கு விட்ட இடம்

அத்தான் தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டினார். மற்ற நேரமெல்லாம் டிரம்ஸ். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அக்காவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவர்கள் வீட்டில் இருந்தேன். அவர்களுடைய குழு ஒத்திகை பார்த்தது எங்கள் முன்னறையில்தான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா ஆர்கன் வாசிப்பாள். பாடுகிறவர் பஸ் கண்டக்டர். சாக்ஸபோன்காரரை நெட்டை என்போம். கிட்டாருக்கும் ஒருவர் இருந்தார்; முதல் ஆல்பத்துக்குப் பாட்டெல்லாம் தயாரான பிறகு, "அடுத்த வாரம் வந்துடறேன்" என்று போனவர் வரவேயில்லை. பாட்டுகளில் அவருக்காக விட்ட இடம் மட்டும் காலியாகவே நின்றுவிட்டது.

"அந்த இடத்துல என்னதான் பண்றது?" என்றார் நெட்டை.

"வாய மூடிக்கிட்டு சும்மா இரு. உனக்கு அதுதானே வராது!" என்றாள் அக்கா.

அப்படியே பதிவு செய்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். சட்டென்று எல்லாம் நின்றுவிடும். கேட்கிறவர்கள் ரெக்கார்டு பழுதோ என்று எழுந்திருக்கும் நேரத்தில் அக்கா மெல்லியதாக ஒரு சுரம் தொடுவாள். அதே கணத்தில் அத்தானின் அடி விழும். பத்திரிகைகளில் அதைப் புதுமை என்று எழுதினார்கள். கண்டக்டர் அந்தப் பக்கத்தை டிக்கெட்டோடு சேர்த்துப் பயணிகளிடம் நீட்டினார். இரண்டாவது ஆல்பத்தில் அந்த மௌனத்தை வேண்டுமென்றே இன்னும் நீட்டினார்கள்.

அதற்குள் அத்தானின் காது போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் நின்று குழந்தை கத்தினாலும் திரும்ப மாட்டார். அக்கா அதை அலட்சியம் என்று நினைத்துச் சண்டை போட்டாள். ஒத்திகையில் மௌனம் விழுந்ததும் அவர் கண் அக்காவின் தோளுக்குப் போவதை நான் பார்த்தேன். சுரத்தைத் தொடும் முன் அவள் இடது தோள் துளி எழும்பும். அதை வைத்துத்தான் அவர் அடித்தார். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரியும். ஒருமுறை உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

மூன்றாவது ஆல்பத்தைப் பெரிய ஸ்டுடியோவில் எடுத்தார்கள். அங்கே டிரம்ஸைக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் சுவரைப் பார்க்க வைத்தார்கள். அக்கா வெளியே; குழந்தையோடு நானும் அவள் பக்கத்தில். மௌனம் வந்தது, அவள் சுரம் வந்தது, அத்தானின் அடி வரவில்லை. திரும்ப எடுத்தார்கள். இந்த முறை முந்திக்கொண்டு விழுந்தது.

"தூங்குறீங்களா?" என்று மைக்கில் சீறினாள் அக்கா.

"ஹெட்போன் சரியில்ல," என்றார் அத்தான்.

ஒலிப்பதிவாளர் கொட்டாவி விட்டார். "எதுக்கும்மா இந்த வம்பு? அந்த இடத்துல கிட்டார் போட்டு நிரப்பிட்டா முடிஞ்சது. ஆளக்கூட நானே கூப்பிடறேன்."

"கிட்டார் வந்தா அது நாங்க இல்ல," என்றாள் அக்கா. "டிரம்ஸுக்கு வேணும்னா வேற ஆளப் பாக்கறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தான் திரும்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்நியர் முன்னால் நான் பேசியதே கிடையாது. அன்று பேசிவிட்டேன்.

"அக்கா, டிரம்ஸ இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு. அவர் கண்ணுல நீ படணும்."

திருப்பினார்கள். அடி கச்சிதமாக விழுந்தது. ஆனால் பாட்டின் நடுவிலேயே அக்கா கைகளை எடுத்துவிட்டாள். அவர் கண் தன் தோளிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"எப்போலேருந்து காது கேக்கல?"

அத்தான் குச்சிகளை டிரம் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"இப்ப தெரிஞ்சுபோச்சு இல்ல? இனிமே எனக்குக் காட்டுறதுக்குன்னே நீ தோளத் தூக்குவ. அது என் வாசிப்பு இல்லடி."

கண்டக்டர் கெஞ்சினார். நெட்டை, "நான் வேணும்னா கொடி ஆட்டறேன் மச்சான்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. வேறொரு டிரம்ஸ்காரரை வைத்துப் பார்த்தார்கள், நன்றாகவே வாசித்தார். ஆனால் மௌனம் வரும்போதெல்லாம் அக்காவால் கையை அசைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒலிப்பதிவாளரிடம் போய், "அந்தக் கிட்டார்காரர வரச் சொல்லுங்க," என்றாள்.

ஆல்பம் வந்தது. அன்று நான் அதைத் தாழ்ந்த சத்தத்தில் வைத்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்த அத்தான் ரெக்கார்டு சுற்றுவதைப் பார்த்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கிட்டார் எப்படி இருக்கு?"

"பரவாயில்ல அத்தான்," என்றேன், ரெக்கார்டைப் பார்த்தபடி.

"என் முகத்தப் பாத்துச் சொல்லு," என்றார்.