பறக்காத படகு

எங்கள் அக்கா ஒரு படகைப் பறக்கவிடப் பார்த்தாள். அது பறக்காமல் போனதற்கு நான்தான் காரணம். வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி விஷயம் இல்லை என்பதால் இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சதுரங்கப்பட்டினத்தில் குடியிருந்தோம். அப்பா லோடு ஆட்டோவில் ஐஸ் ஏற்றிக்கொண்டு மீன் இறங்கும் கரைகளுக்குப் போவார். அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டுச் செங்கல்பட்டில் ஒரு பிளக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். காதுகுத்து பேனர் போடுகிற அந்தக் கம்ப்யூட்டரிலேயே, சாப்பாட்டு நேரத்தில், தானாகவே விஷுவல் எபெக்ட்ஸ் கற்றுக்கொண்டாள். எங்கள் தெரு நாயை யானை உயரத்துக்கு வளர்த்து நடக்கவிட்டாள். அதைப் பார்த்து அந்த நாயே குரைத்தது.

செய்ததையெல்லாம் ஒரு ரீலாகக் கோத்து சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினாள். அங்கிருந்து ஒருவர் போன் செய்தார். "வேலை நல்லா இருக்கும்மா. ஆனா கேமரா கண்டபடி ஆடுது. ஃபிரேம்ல எதைப் பாக்கணும்னே தெரியல. நிதானமா நகர்ற ஷாட் ஒண்ணு எடுத்து ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு. சரியா இருந்தா வேலைக்கு எடுத்துக்கலாம்."

கேமரா ஆடியதற்குக் காரணம், அதைப் பிடித்தவன் நான். நிற்கச் சொன்னால் ஆடுவேன். ஆடச் சொன்னால் ஓடுவேன். பள்ளிக்கூடத்திலும் இதே புகார்தான்.

அக்கா யோசித்து ஒரு ஷாட் வைத்தாள். கடலிலிருந்து படகு வரும், மணலில் ஏறும், ஆனால் நிற்காமல் அப்படியே வானத்தில் ஏறிப் போகும். அது வரும்போது கேமராவும் பக்கத்திலேயே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காக இரண்டு பிளாஸ்டிக் பைப்பை மணலில் போட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினாள். மேலே மீன் டிரேயைக் கவிழ்த்து, அப்பாவின் போனை சைக்கிள் டியூபால் கட்டினாள். டிரேயைத் தள்ளுவது என் வேலை.

"மெதுவா தள்ளு. கொழந்த தூங்குற தூளிய ஆட்ற மாரி. கடைசி வரிக்கும் ஒரே வேகம், புரிதா?"

"ஃபிரேம்ல வலது பக்கம் இவ்ளோ எடம் சும்மா கீதேக்கா. வேஸ்ட்டு."

"வேஸ்ட்டு இல்லடா லூசு. போட்டு அங்கதான் பறக்கப் போவுது. காலியா வுட்டாத்தான் போற வழி கண்ணுக்குத் தெரியும்."

பஸ்ஸில் காலி சீட்டைப் பார்த்தால் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற குடும்பம் எங்களுடையது. ஓர் இடத்தைக் காலியாகவே விட்டுவைப்பது எனக்குப் பிடிபடவில்லை. அதோடு ஒரு வயிற்றெரிச்சலும் இருந்தது. தெரு நாய்கூட ரீலில் வந்துவிட்டது. கேமரா பிடித்தவன் ஒன்றில்கூட இல்லை. பைப்புக்குத் தடவியது போக மீதி எண்ணெயைத் தலையில் தேய்த்து, யாருக்கும் தெரியாமல் வகிடு எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. படகு ஏறும்போது மணலில் நிற்கிற யாரும் வேடிக்கை பார்க்கக் கூடாது. ஆபீசராகவே இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ள ஒரு கை போட வேண்டும். அன்றைக்கு மட்டும் எல்லோரும் கேமராவுக்குத் தெரியாமல் படகுக்கு அந்தப் பக்கமாக நின்று தள்ளும்படி அக்கா கேட்டுக்கொண்டாள். படகுக்காரர் சிரித்தார். "எம் போட்டு பறக்கும்ன்ற. இனிமே டீசல் மிச்சம்தான் போ!"

வெள்ளிக்கிழமை காலை படகு வந்தது. அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிறுவர்களையும் நாய்களையும் ஃபிரேமுக்குள் வராமல் மறித்து நின்றாள். நான் தள்ளினேன். பாதி தூரம் நன்றாகவே தள்ளினேன். "கை போடுங்கப்பா!" என்று படகுக்காரர் கத்தினார். டிரேயை அப்படியே விட்டுவிட்டு அந்தக் காலி இடத்துக்குள் ஓடினேன். படகின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

அக்கா திரும்பினாள். "இன்னாடா பண்ண?"

"கூப்ட்டாங்கக்கா. போவாம எப்டி நிக்கறது?"

பொய்க்கு அவ்வளவு நல்ல இடம் எனக்கு அதற்குப் பிறகு வாழ்க்கையில் அமையவில்லை. "புள்ளயத் திட்டாதம்மா, கொரல் குடுத்ததும் ஓடியாந்தான் பாரு" என்று படகுக்காரர் எனக்கு நாலு சங்கரா மீன் கொடுத்தார். தூக்கிக்கொண்டு வீரனாக வீட்டுக்குப் போனேன்.

அன்று மத்தியானமே புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. திங்கள் வரை எந்தப் படகும் கடலில் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் எடுத்ததை வைத்தே அக்கா சமாளிக்கப் பார்த்தாள். சனிக்கிழமை கடையிலிருந்து கண் சிவந்து வந்தாள்.

"ஒரு செகண்டு வீடியோன்னா முப்பது போட்டோ. அதுல முப்பது நீ கீறடா. ஒவ்வொருத்தனா அழிச்சிகினு கீறேன்."

"அவ்ளோ பேராக்கா நானு?"

"ஆமா. இங்க ஒருத்தனையே தாங்க முடியல."

அதை நான் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. பாதியில் கேமரா நின்றுவிடுகிறது, படகுக்குப் பக்கத்தில் ஏதோ அழித்த மாதிரி கலங்கித் தெரிகிறது, பிறகு பார்க்கலாம். விஷயம் தெரிந்ததும் அப்பா என் மேல் கையை ஓங்கினார். "ஒரு எடத்துல நிக்கத் தெரியாதாடா ஒனக்கு?"

அக்கா குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுடுப்பா. போட்டுக்குக் கை போடத்தான் ஓடினான். கூப்ட்டா போவாம நிப்பானா?"

நானும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அக்காவையே ஏமாற்றிவிட்ட என் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளுக்குள் ஒரே குஷி.

கம்பெனியிலிருந்து அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அக்கா இன்றும் அதே கடையில்தான் இருக்கிறாள். கண்ணீர் அஞ்சலி பேனருக்காகக் கல்யாண போட்டோவிலிருந்து தாத்தாக்களை வெட்டியெடுக்கிறாள். நான் ஒன்பதாவதோடு நின்று, அப்பாவின் லோடு ஆட்டோவை ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு வீடியோவில் குறுக்கே வந்தவனை என் போன் ஒரே தட்டில் அழித்தது. அதை அக்காவிடம் காட்டினேன்.

"பரவால்லியே" என்றாள். "நானு ஒண்ணொண்ணா பெருசாக்கிப் பாத்துப் பாத்துதான் அழிச்சேன்."

ஆறு செகண்டு ஷாட்டில் நான் இருந்தேன். எனக்குக் கணக்கு வராது, ஆனாலும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நூற்றெண்பது நான். அத்தனை பேரும் எண்ணெய் வழிகிற தலையோடு கேமராவைப் பார்த்துப் பல்லிளித்திருப்போம். ஒருவன்கூடப் படகைத் தள்ளியிருக்க மாட்டான். அந்த முகங்களை ஒன்று விடாமல் பார்த்து முடித்துவிட்டுத்தான் அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள்.