அண்ணியின் பல்லில் வைத்த கிராம்பு சிமெண்ட்

இதை எழுத உட்கார்ந்து, பேனாவை மூடிவிட்டு எழுந்தது எத்தனையோ முறை. மேல்மலையனூரில் அங்காளம்மன் முன்னால் நிற்கும்போதெல்லாம், இந்த வருஷம் எழுதிடறேன் தாயே என்பேன். வீடு வந்து சேர்வதற்குள் தைரியம் போய்விடும்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடிப் பலகை. எண்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தேன். அந்தப் பலகையில் சிமெண்ட் குழைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. துத்தநாகப் பொடியில் அமிலம் விட்டுக் குழைப்பது ஒன்று. பொடியை மொத்தமாகக் கொட்டினால் சூடேறிச் சட்டென்று இறுகிவிடும், அதனால் பலகையைக் குளிர வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பரப்பித் தேய்க்க வேண்டும். கல் மாதிரி நிற்கும், ஆனால் உயிருள்ள பல்லில் நேராக வைத்தால் சுரீர் என்று இழுக்கும். அப்போது புதிதாக வந்த கண்ணாடிப் பொடி சிமெண்ட் பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். இறுகுவதற்குள் எச்சில் பட்டால் வீண். மூன்றாவது, கிராம்புத் தைலத்தில் குழைப்பது. கொஞ்ச நேரத்தில் வலியை அடக்கிவிடும். மெல்ல மெல்லத் தேய்ந்தும் போய்விடும். "இது வலியைத்தான் தூங்க வைக்கும், சொத்தையை இல்ல. பத்து நாள்ல கட்டாயம் வரணும்" என்று டாக்டர் ஒவ்வொருவரிடமும் சொல்வார். எனக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். நோயாளி வாயில் நான் கை வைத்தால் அன்றோடு வேலை போய்விடும்.

என் அண்ணி விக்கிரவாண்டி பக்கத்திலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்த அன்று டாக்டர் ஊரில் இல்லை. அம்மா போன பிறகு என்னைச் சோறு போட்டு வளர்த்தவர் அவர். துடிப்பதைப் பார்க்க முடியவில்லை. குழியைப் பஞ்சால் துடைத்து, கிராம்பு சிமெண்டை நானே அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணி சிரித்தார்.

"பெருக்கற வேலைன்னு நெனச்சிக்கினு இருந்தேன் தம்பி, நீ டாக்டராவே ஆயிட்டியா? உன் கையில ஆத்தா இருக்கா."

அந்தச் சொல்லில் மயங்கிப் போனேன். ஆனாலும் பத்து நாளில் வரச் சொல்லித்தான் அனுப்பினேன்.

சொன்னபடி வந்தார். மருந்து பாதி உதிர்ந்திருந்தது. டாக்டர் உள்ளேதான் இருந்தார். கூட்டிப் போனால், முதலில் யார் அடைத்தது என்று கேட்பார். எனக்கு இரண்டு பிள்ளைகள். அண்ணியைப் படியிலேயே நிறுத்தி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பொடியும் தைலமும் எடுத்துப் போய் மறுபடி அடைத்தேன்.

"டாக்டரைப் பாக்க வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாம் அண்ணி. இனிமே வலிச்சா வாங்க."

"அதுவும் சரிதான். கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்க ஆள் வர்றாங்க, ஜல்தியா போவணும்."

வலித்தால் வரச் சொன்னேன். சொத்தை உள்ளே போய் நரம்பு செத்துவிட்டால் பல் வலிக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நாலு பேரிடம் டாக்டர் சொல்லக் கேட்டவன் நான்.

அண்ணி வரவில்லை. சில மாதம் கழித்துத் தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கி, வாய் திறக்க முடியாமல் போனது. விழுப்புரத்தில் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். பல்லில் சீழ் பிடித்து இறங்கியிருக்கிறது, யாரிடம் காட்டினீர்கள் என்று அங்கே கேட்டார்கள். அண்ணன் நிமிர்ந்து பதில் சொன்னார்: "எங்க தம்பிதாங்க மருந்து வச்சான். அதுக்கப்புறம் ஒரு நாள் கூட வலின்னு சொன்னதில்ல." பக்கத்தில் நின்றிருந்தேன். மூன்றாம் நாள் அண்ணி போய்விட்டார்.

விளக்கேற்றி அழுதிருக்கிறேன், விரதம் இருந்திருக்கிறேன், பாரம் இறங்கவில்லை. அண்ணனுக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அண்ணிக்குப் படைக்கும்போது முதல் இலையில் என்னை உட்கார வைக்கிறார். "அவ வலி தீத்தவன் நீதான்டா" என்கிறார். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் பக்கத்துக்காரர் யார் கையிலாவது இது கிடைத்தால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தான் என்று உங்கள் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். டாக்டர் உள்ளேதான் இருந்தார் என்ற வரியை விட்டுவிடவும் வேண்டாம்.