பச்சைத் துணியும் வெற்றிலைத் தட்டும்

போன கிழமை கோப்பாய் ஸ்ரூடியோ ஒன்றில் என் அக்கா அழுதே விடப் பார்த்தார். காரணம்... பச்சை நிறம்.

அக்காவின் மகளுக்கு அண்மையில் கல்யாணம். ஒரே மகன் கஜன் கனடாவில். விசா அலுவல் முடியாததால் வர முடியவில்லை. அவன் இல்லாத குடும்பப் படத்தைச் சுவரில் மாட்டவே மாட்டேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார்.

"அவரை அங்கை பச்சைத் துணிக்கு முன்னாலை நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. நான் சேர்த்துவிடுறன்" என்றார் ஸ்ரூடியோக்காரர் சுதன்.

அக்கா சும்மா இருப்பாரா? "வெறுங்கையோடை நிக்காதை. நீ பொம்பிளையின்ரை தமையன், வெத்திலைத் தட்டுப் பிடி" என்று போனில் உத்தரவு. அவனும் தமிழ்க் கடையில் தேடி வாங்கி, தட்டு நிறைய அடுக்கி, பக்கத்தில் இரண்டு வாழைப்பழமும் வைத்து, மாப்பிள்ளையை விட அழகாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.

சுதன் இப்படிப் படம் சேர்க்கும் மென்பொருள் என்ன செய்கிறது தெரியுமா? ஒரு நிறத்தைக் காட்டிவிட்டால் போதும். படத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்த்து, அந்த நிறம் உள்ள இடத்தையெல்லாம் வெட்டிவிடும். அந்த ஓட்டை வழியே நாம் பின்னால் வைக்கும் படம் தெரியும். நம் தோலில் பச்சை இல்லை, ஆகவே ஆள் தப்பிவிடுவார். வெற்றிலை?

சுதன் பட்டனைத் தட்டினார். துணி போயிற்று. வெற்றிலையும் போயிற்று. தட்டில் மிஞ்சியது அந்த இரண்டு வாழைப்பழம்தான்.

"என்ன தம்பி உது? கலியாணப் படத்திலை வெறுந்தட்டோ?" அக்காவின் குரல் உடைந்தது.

சுதன் வெட்டும் அளவைக் குறைத்துப் பார்த்தார். வெற்றிலை திரும்பி வந்தது — கூடவே கஜனின் தலையைச் சுற்றி ஒரு பச்சை ஒளிவட்டமும். "உவன் எப்ப சாமியார் ஆனவன்?" என்றேன்.

அக்கா எழும்பி வெளியே போனார். கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் திரும்பி வந்தார். மடியில் பித்தளைத் தட்டு. அதில் தன் உரும்பிராய் வீட்டுக் கிணற்றடியில் அப்போதுதான் ஆய்ந்த வெற்றிலை.

"இதைப் படம் எடுத்து அவன்ரை கையிலை வையும்."

சுதன் தட்டுக்குப் பின்னால் நீலத் துணி விரித்தார். இந்த முறை நீலம்தான் போயிற்று.

படம் இப்போது அக்கா வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் "கஜன் எப்ப வந்தவன்?" என்று கேட்கிறார்கள். "உது கொம்பியூட்டர் வேலை, உண்மையில்லை" என்று ஒருவரிடம் நான் வாயைக் கொடுத்துவிட்டேன். அக்கா என்னை முறைத்தார்.

"எது உண்மையில்லை? வெத்திலை எங்கடை. பிள்ளை எங்கடை. பின்னாலை இருந்தது மட்டும்தான் கனடா. அதைத்தானே வெட்டினது."